வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் மஞ்சள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு ராணுவ லாரி இருந்தது. இதைச் சொன்னால் சிங்கப்பூரில் யாரும் நம்புவதில்லை. ஒரு சின்னக் கார் வாங்குவதற்கே இங்கே மனிதர்கள் வருடக்கணக்கில் யோசிக்கிறார்கள். சுவா சூ காங்கில் நாலறை வீட்டில் குடியிருந்த எங்களிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. லாரி மட்டும் இருந்தது.

காரணம் அத்தை. அப்பாவின் அக்கா. ஆர்மியில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று உறவினர்கள் கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்று பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரிச் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற வருடமே அவர் வேலை செய்த லாரிக்கும் ஓய்வு கொடுத்து ஏலம் விட்டார்கள். அது சாதாரண லாரி அல்ல. பின்பக்கம் முழுக்க மூடிய இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு நடமாடும் பட்டறை. காட்டுக்குள் எந்த வண்டி படுத்துக்கொண்டாலும் இந்த லாரிதான் போகும், உள்ளே அத்தையும் போவார். பெட்டியின் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சிவப்புப் பெயின்ட்டில் வரைந்து வைத்திருந்தார்கள். எந்த ஸ்பானர் காணாமல் போனாலும் அதன் சிவப்பு நிழல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏலத்தில் அப்பாவும் பாதிப் பணம் போட்டார். தேக்காவில் இன்னொருவர் கடையில் பதினைந்து வருடமாகப் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் அவர். சொந்தக் கடை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. தேக்காவில் வாடகை கேட்டுவிட்டு வந்த நாட்களில் சாப்பிடாமல் படுத்துவிடுவார். சக்கரத்தோடு ஒரு கடை கிடைக்கிறது என்று நினைத்துத்தான் பணம் போட்டார். அத்தையோ, லாரியை அப்படியே ஓர் ஆணிகூட மாறாமல் வைத்துக் காப்பாற்றத் தம்பி உதவுகிறான் என்று நினைத்தார். வாங்கி முடிக்கும் வரை இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் லாரியே வந்திருக்காது.

சாலையில் ஓட்ட அனுமதி இல்லாததால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் கிராஞ்சிப் பக்கம் ஒரு கீரைத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். தோட்டத்துக்காரர் ஒரு சீனர், அப்பாவின் பரோட்டாவுக்கு அடிமை. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கீரை மண்ணில்தான் முளைக்கிறது என்று காட்டுவதற்காகப் பல குடும்பங்கள் அங்கே வரும். பார்த்து முடித்ததும் பசிக்கும். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை. அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வாரமே சண்டை தொடங்கிவிட்டது. அப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தார்.

"அக்கா, பச்சையா இருந்தா மரத்துக்கு நடுவுல யாருக்குத் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான்டா அந்தப் பச்சை!"

கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. இடப்பக்கம் அப்பாவுக்கு, வலப்பக்கம் அத்தைக்கு. பெட்டிக்குள் நடுவில் சாக்பீஸால் கோடு போடும் பொறுப்பு எனக்கு. அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பெயின்ட் அடிச்சா சுரண்டிடலாம். ஸ்க்ரூ போட்டா கழட்டிடலாம். எதையும் வெட்டாத. வெட்டினா வெட்டினதுதான்."

இப்படியாக எங்கள் லாரி ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் போருக்குப் போகத் தயாராகவும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பிறந்தநாள் விழாவுக்கு வந்தது போலவும் நின்றது. நான் நேர்மையான நடுவர் என்று சொல்ல முடியாது. தரையை ஒவ்வொரு வாரமும் கழுவுவதால் கோடு அழிந்துவிடும், நான் மறுபடி போட வேண்டும். அத்தை சிரப் ஊற்றிய ஐஸ் துருவலான ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்த வாரம் கோடு இடப்பக்கம் ஒரு சாண் நகரும். அப்பா பாலில் ரோஸ் சிரப் ஊற்றிப் பண்டுங் கலந்து கொடுத்தால் திரும்பி வரும். இருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தன் பக்கத்துச் சுவரில் இருந்த சிவப்பு நிழல்களின் மேல் தன் சாமான்களை மாட்டினார். ஸ்பானர் இடத்தில் கரண்டி, சுத்தியல் இடத்தில் சப்பாத்திக் கட்டை. அத்தை கோட்டருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் இடத்துல கரண்டியா?"

"அளவு சரியா இருக்குல்ல, பாரு லா!"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் அத்தைக்கு இன்னும் கோபம்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு அத்தை இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். முதலில் ஓர் இருமல், பிறகு கறுப்புப் புகை, பிறகு தோட்டமே அதிரும் ஓர் உறுமல். அத்தை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே அப்பாவின் கிளாஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். "அக்கா, போதும்! மாவு ஆடுது!" என்று அப்பா கத்துவார். அத்தை பத்து நிமிடம் முடியாமல் நிறுத்த மாட்டார்.

கடையின் சோதனை ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மோசமாக நடந்தது. பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு கதவு மட்டும்தான். இரும்புப் பெட்டிக்குள் பரோட்டாக் கல்லைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அரை மணி நேரத்தில் அப்பா வேகவைத்த புட்டு மாதிரி ஆவி பறக்க இறங்கி வந்தார். இடப்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டினால் காற்றும் வரும், ஆட்களுக்கும் கொடுக்கலாம். அப்பா கெஞ்சினார், கோபப்பட்டார், அம்மாவைத் தூது அனுப்பினார். அம்மா வந்து, "அவர் கேக்கச் சொன்னாருன்னு கேக்கறேன் அண்ணி, நீங்க மாட்டேன்னு சொல்லிடுங்க, வீட்டுக்குப் போகணும்" என்றார். அத்தை மாட்டேன் என்றார்.

அப்போதுதான் ஒரு மேஜர் வந்தார். ஓய்வுபெற்றவர். சீனர். வெள்ளைக் கேன்வாஸ் காலணி போட்டிருந்தார். பழைய ராணுவ வண்டிகளைச் சேகரித்துக் காட்சிக்கு வைக்கும் சிலருக்கு அவர் தலைவர். இந்த வகைப் பட்டறை லாரி வேறு எங்கும் மிச்சமில்லை என்று தெரிந்து தேடி வந்திருந்தார். இடப்பக்கத்தைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனால் வெட்டு ஒன்றும் விழவில்லை என்று அத்தை சொன்னதும் மலர்ந்தது. மஞ்சளைச் சுரண்டிப் பச்சையாக்கி வைத்தால் அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்ன விலையில் அப்பா புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு காப்பிக் கடைக்குள் சின்ன ஸ்டால் எடுத்துவிடலாம். அத்தைக்கோ லாரி ஓர் ஆணி மாறாமல் காலத்துக்கும் பத்திரமாக இருக்கும். சண்டை போட்ட இருவரும் ஒரே நாளில் ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவீங்களா சார்?" என்ற பொருளில் ஆங்கிலத்தில்.

மேஜர் பெருமையாகச் சிரித்தார். ஆயில் முழுவதையும் வடித்துவிடுவார்களாம், பேட்டரியை எடுத்துவிடுவார்களாம், டயர் தரையில் படாமல் கட்டை மேல் ஏற்றி, குளிரூட்டிய கூடத்தில் சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார்களாம். ஒரு கைகூடப் படாது என்றார்.

"குட், குட்," என்றார் அத்தை.

பள்ளி விடுமுறை. அந்த வாரம் முழுவதும் அத்தையும் நானும் மஞ்சளைச் சுரண்டினோம். அத்தை அதிகம் பேசவில்லை. லாரிக்கு நல்ல இடம் கிடைத்துவிட்ட நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் லாரி தலை முதல் வால் வரை பச்சையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மேஜர் பத்து மணிக்குத்தான் வருவார். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்றார். தோட்டத்தில் இறங்கியதும் என்னிடம் சாக்பீஸைக் கேட்டு வாங்கினார். லாரியின் இடப்பக்கச் சுவரில் அளவெடுத்து நீளமாக ஒரு கட்டம் வரைந்தார். பிறகு பையிலிருந்து கிரைண்டரை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் இரண்டு கிரைண்டர்கள் உண்டு. ஒன்று மாவு அரைப்பது. இது இரும்பை அறுப்பது.

"அத்தை, வெட்டினா வெட்டினதுதான்னு சொன்னீங்களே?"

"ஆமா பாப்பா. அதான். நீ தள்ளி நில்லு, கண்ணுல பொறி விழும்."

பொறிகள் தோட்டப் பாதை வரை பறந்தன. தோட்டத்துக்காரர் கையில் கைலான் கீரைக் கட்டோடு ஓடி வந்து, பொறி படாத தூரத்தில் நின்றார். அத்தை அவசரப்படவில்லை. நான்கு பக்கமும் அறுத்து, தகட்டைக் கழற்றிக் கீழே வைத்து, விளிம்புகளை அரம் போட்டு ராவினார். யார் கை வைத்தாலும் கீறக் கூடாது என்று தன் உள்ளங்கையாலேயே ஓட்டிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. இரும்புத் தூள் என்று அவரே சொன்னார்.

பத்து மணிக்கு அப்பாவும் மேஜரும் ஒன்றாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். மேஜர் பெட்டிக்குள் ஏறி ஜன்னல் எதிரே நின்று, வெளியே தெரிந்த கீரைப் பாத்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாட் அ வேஸ்ட்," என்றார். அவ்வளவுதான். கை குலுக்காமல் போய்விட்டார்.

அப்பாவின் குரல் உடைந்து போயிருந்தது.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? ஸ்டால் போச்சு! எல்லாம் போச்சு!"

"ஜன்னல் வேணும்னு கேட்டேல்ல? இந்தா. ஒரு மணி நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. கல்லு, மாவு எல்லாம் உள்ள வச்சிருக்கேன். போய் பிசை."

அப்பா பிசையவில்லை. பெட்டிக்குள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்னப் பையன் வந்து, கீரைக் கூடை மேல் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அங்கிள், பிராட்டா இருக்கா?" என்று கேட்டான். அவன் பின்னால் அவன் குடும்பம், அதன் பின்னால் இன்னொரு குடும்பம். அப்பா அந்தத் தலையைப் பார்த்தார். எழுந்து கை கழுவினார். அன்று மாலை மாவு தீர்ந்து, பாத்திரங்களைக் கழுவும்போது அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார். அத்தையோடு மட்டும் இரண்டு நாள் பேசவில்லை.

மறுவாரம் பெட்டி மறுபடி மஞ்சளானது. இந்த முறை இரண்டு பக்கமும். அத்தையே பிரஷ் பிடித்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவிடம் கல்லை இறக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். இருமல், புகை, உறுமல். வரிசையில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடினார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை மாதம் போராடிவிட்டுக் கடைசியில் தோற்றுப் போய்விட்டாரே என்று, அன்று அவருக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுக்கும்படி அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.