மாடியில் நின்ற பெரியப்பா

மலையடிவாரக் குளத்தங்கரையில் இருந்த எங்கள் குடிசைகளைப் பிரித்துவிட்டு, ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிய மாடி வீடுகளில் எங்களைக் குடிவைத்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. மழைக்கு ஒழுகவில்லை. அடேயப்பா, எனக்கு அது அரண்மனை! பெரியப்பாவுக்குத்தான் அப்படி இல்லை. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு மேல்மாடி விழுந்துவிட்டது. அவருக்கோ ஒரு கால் விளங்காது. குடிசை வாசலில் உட்கார்ந்து, மலையேறுகிறவர்கள் விட்டுப்போகும் செருப்புகளுக்குக் காவலிருந்துகொண்டு, போகிற வருகிறவர்களோடெல்லாம் வம்பளந்துகொண்டிருந்த மனிதர். அவர் தம்பியான என் நைனா அவரை முதுகில் தூக்கி மேலே கொண்டுவந்து விட்டதோடு சரி, பிறகு அவர் கீழே இறங்கவேயில்லை. விடிந்தால் நைனா வேலைக்கு ரயிலைப் பிடிக்க ஓடவேண்டும். பெரியப்பா நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே யார் போனாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பாதிப் பேருக்குக் காதில் விழாது.

ஆடிக் கிருத்திகை நெருங்கிய சமயம், கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு அதிகாரி வீடு வீடாக விசாரித்து வருவதாகப் பேச்சு அடிபட்டது. குடிசையில் இருந்தபோதும் இப்படித்தான் ஒருவர் வந்து குறைகளைக் கேட்டுப் போனார். அவருக்கு அடுத்து வந்தது குடிசை பிரிக்கிற ஆட்கள்.

"இன்னா கேட்டாலும் நல்லாக்கீதுன்னு சொல்லுங்க. கொற சொன்னா ஊட்டப் புடுங்கிக்குவாங்க" என்று அம்மா பதறினாள்.

அதிகாரி உள்ளே நுழைந்ததும் பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். நின்றேவிட்டார்! நான் வாயைப் பிளந்தேன்.

"மேல ஏறி இறங்க எதுனா சிரமம் இருக்கா பெரியவரே?"

"ஒன்னும் இல்லீங்க. காத்து நல்லா வருது. மலைக்கே நடந்து போய் வந்துகினு இருக்கேன்."

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எழுதி முடித்துக் கிளம்பும்போது சொன்னார்: "கீழ ரெண்டு வீடு காலியா வெச்சிருக்கோம், நடக்க முடியாதவங்களுக்குன்னு. உங்களுக்குத் தேவையில்ல, சந்தோஷம்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியப்பா அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் கீழே ஓடி, பெரியப்பாவுக்குக் கால் சரியாகிவிட்டது, முருகன் குணப்படுத்திவிட்டார் என்று ஊரைக் கூட்டினேன். திரும்பி வந்தால் அவர் தரையில் கிடந்தார். சட்டையெல்லாம் வியர்வை. அம்மா அழுதுகொண்டே காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வா பெரியப்பா, காவடி பாக்கப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆங், நாளைக்குப் போலாம் கண்ணு."

மறுநாளும் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒரு அதிகாரிக்காக அவ்வளவு நேரம் நின்றவர், எனக்காக ஒரு நிமிஷம் நிற்கமாட்டாரா? கிருத்திகை முடியும்வரை அவரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தேன். இந்த வீடு எங்களைவிட்டுப் போய்விடக்கூடாதென்று அன்று அவர் எனக்காகத்தான் நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.