பேசாத ஆடு பேசிய சனிக்கிழமை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆயர் தாவார் என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் சாலை போய் முடியும் இடத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆன புதிது. காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போவேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுநர்.

தோட்டத்து மண்டபத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டிவி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு பொம்மைப் படத் தொடர் போடுவார்கள். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் பறக்கும் படகில் ஏறித் தீவு தீவாகப் போகும் கதை. துணைக்கு ஓர் ஆடு. அந்த ஆட்டுக்கு உயரம் என்றாலே நடுக்கம். படகு மேலே கிளம்பினால் நாலு காலையும் பரப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும்.

படத்தில் இங்கிலீஷில் பேசுவார்கள், கீழே மலாயில் எழுத்து ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. பெரியவர்களில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். "அக்கா, சத்தமா சொல்லுங்கக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்த வாரம் என்னை டிவிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

சொல்லச் சொல்ல எனக்கே ருசி வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு குரல், ஒற்றைக்கண் வில்லனுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசினேன். ஆட்டுக்கும் பேச்சு கொடுத்தேன். உண்மையில் படத்தில் ஆடு பேசவே பேசாது, முழிக்கும், அவ்வளவுதான். ஆனால் அது முழிக்கிற முழியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படகு முதன்முதலாக மேலே எழும்பியபோது, "யம்மா, நான் புல்லுதானே கேட்டேன், ஆகாயமா கேட்டேன்?" என்று ஆட்டுக்காக ஒரு வார்த்தை விட்டேன். மண்டபமே குலுங்கியது. அதற்குப் பிறகு ஆடு பேசாத வாரமே கிடையாது.

இது சிலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கண்டிப்பான மனுஷர். "பொம்மைப் படத்த பாத்து யாருக்கு என்னா பிரயோஜனம்? அந்த நேரத்துல ஒரு கூட்டம் போடலாம்லா" என்று மண்டபத்தைக் கேட்டார். தாய்மார்கள் விடவில்லை. கடைசியில், ஒரு வாரம் தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். ஆடு பேசியபோது சிரிப்பை மறைக்க இருமினார். அன்றைக்கு நிறைய இருமினார். படம் முடிந்ததும், "ஒரு வாரத்துல எப்படி முடிவு சொல்றது? இன்னும் ரெண்டு மூணு வாரம் பாக்கணும்" என்று எழுந்து போனார். அடுத்த மாதம் சம்பளப் பேச்சில் மேனேஜரிடம், "நாங்க புல்லுதான் கேக்குறோம், ஆகாயமா கேக்குறோம்?" என்று கேட்டாராம். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட நின்றவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் மண்டபத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. "கல்யாணம் கட்டின பொம்பள ஆடு மாதிரி கத்திக்கிட்டு உட்காந்திருக்கா. லயத்து வீடுங்கள்ல எல்லாம் என்னைய ஆட்டுக்காரன்னு கூப்புடுறானுங்க" என்று முணுமுணுப்பார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் சனிக்கிழமை வந்துவிட்டால் கால் நிற்காது.

அப்படியே மாதங்கள் ஓடி, கடைசி வாரம் வந்தது. அண்ணன் இருக்கிற தீவு தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கதை முடியப் போகிறது. முந்தின நாள் பெய்த மழையில் மண்டபத்து ஆன்டெனாவில் இடி விழுந்தது. டிவி புகைந்து செத்தது.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் பிள்ளைகள் கூட்டம். ஒன்றிரண்டு அழுகை. நான் என்ன செய்ய முடியும்? "முடிவ நானே சொல்றேன், வாங்க" என்றேன். "உங்களுக்கே தெரியாதேக்கா!" என்று திருப்பிக் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து குடையோடு தலைவர் வந்தார். பிள்ளைகளைப் பார்க்காத மாதிரி நேராக என் வீட்டுக்காரரிடம் போனார். "தம்பி, லோரி ஓடுதா?"

"ஓடுது. என்னாண்ணே?"

"ஆயர் தாவார்ல பாய் கடையில டிவி இருக்குலா. இந்தப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிட்டு வந்துருவோமே."

என் வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "லோரிய எடுக்கணும்னா கிராணி சொல்லணும்ணே."

கிராணி என்பது தோட்டத்து ஆபீஸ் கணக்கர். ரொம்ப நல்லவர், ஆனால் அவர் சொல்லாமல் தோட்டத்தில் ஒரு வாளி கூட நகராது. தலைவர் மழையில் விறுவிறுவென்று அவர் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனோம்.

"அவசரமா லோரி வேணும் ஐயா" என்றார் தலைவர்.

"என்ன அவசரம்?"

தலைவர் பொய் பேசாதவர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரு பையனக் காணோம் ஐயா. தங்கச்சிக்காரி தேடிக்கிட்டே இருக்கா. இன்னைக்குக் கெடைச்சுருவான்னு நெனைக்கிறோம்" என்றார்.

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அதை முதல்ல சொல்லக் கூடாதா? எடுங்க லோரியை!" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு, லோரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் பின்னால் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "பையன் எந்த வீட்டுப் பையன்?" என்று வழி முழுக்கக் கிராணி கேட்டாராம். "எனக்குத் தெரியாது ஐயா, என் சம்சாரத்துக்குத்தான் தெரியும்" என்று என் வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம்.

பாய் கடை வாசலில் லோரி நின்றது. கிராணி முதல் ஆளாகக் குதித்து உள்ளே ஓடினார். "பாய், தோட்டத்துப் பையன் ஒருத்தனைக் காணோம். இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

"எந்தப் பையன் ஐயா?" என்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பாய் பதறினார்.

லோரியிலிருந்து ஒரு வாண்டு கத்தியது: "அவன் டிவியிலதான் வருவான் ஐயா! இன்னும் கொஞ்ச நேரத்துல!"

கிராணி திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. தலைவர் குடையை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்காருவது வழக்கமில்லை. உள்ளே முழுக்க ஆம்பளைகள். நான் வெளியிலேயே நனைந்துகொண்டு நின்றேன். பாய்தான் கூப்பிட்டார். "உள்ள வாங்க தங்கச்சி. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வாங்க. மழைக்கு வந்தவங்கள வெளியில நிப்பாட்டுவாங்களா?" என்று பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். கேட்காமலேயே பிள்ளைகளுக்குச் சூடாக மைலோ கலக்கத் தொடங்கினார்.

ஆனால் டிவியில் பூப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது செட், விறுவிறுப்பான கட்டம். லூமுட்டிலிருந்து ஈப்போவுக்கு மீன் லோரி ஓட்டும் ஒரு சீனர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உருவம், மீன் வாடை அடிக்கும் பனியன். பாய் அவரிடம் மலாயில் என்னமோ சொன்னார். அவர் திரும்பி எங்கள் பிள்ளைகளைப் பார்த்தார். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றன எல்லாம். "பூடாக் மாவு தெங்கோக், காசி லா" என்றார். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகின்றன, விட்டுவிடு என்று அர்த்தம். தானே எழுந்து போய் டிவியின் குமிழைத் திருப்பினார். அந்த ஆட்டத்தை அவர் எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் பார்த்தேன். அதனால்தான் அந்தக் கை இன்னும் நினைவில் நிற்கிறது.

படம் தொடங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவி உச்சியில், அலமாரி மேல் இருந்தது. மழையில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். கீழே ஓடும் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் என் வாயைப் பார்க்கின்றன. "எழுத்து தெரியலையே" என்றேன், அழாத குறையாக.

சுவரோரம் கோபமாக நின்ற கிராணி தொண்டையைச் செருமினார். "நான் வந்திருக்கேன் அண்ணா, உன்னைத் தேடித்தான் வந்திருக்கேன்னு சொல்றா" என்றார். அவருக்குத்தான் இங்கிலீஷ் கேட்டாலே புரியுமே! நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் காதில் வாங்கி என்னிடம் மெல்லச் சொல்ல, நான் அந்தப் பெண்ணின் குரலில் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். முதல் வரிக்குக் குரல் நடுங்கியது. மூன்றாவது வரியில் ஆம்பளைகள் இருப்பதே மறந்துவிட்டது. மீன் லோரிக்காரர் விடவில்லை. "ஆப்பா டியா சாக்காப்?" என்றார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு. பாய் என் தமிழைக் கேட்டு அவருக்கு மலாயில் சொன்னார். இங்கிலீஷ் தமிழாகி, தமிழ் மலாயாகி, கதை அந்தக் கடைக்குள் ஒரு சுற்று வந்தது.

அண்ணன் கிடைத்துவிட்டான். ஆனால் அவனால் வர முடியாது. அந்தத் தீவின் கலங்கரை விளக்கை அவன்தான் ஏற்றி வருகிறான். அவன் போய்விட்டால் படகுகள் எல்லாம் பாறையில் மோதும். தங்கச்சி தனியாகத்தான் திரும்ப வேண்டும். அவள் படகில் ஏறுகிறாள். ஆடு ஏறவில்லை. அண்ணனுக்குத் துணையாகக் கரையிலேயே நின்றுகொண்டு, மேலே போகும் படகைத் தலை தூக்கிப் பார்க்கிறது.

ஒரு பேச்சும் இல்லை. வெறும் சங்கீதம்.

பிள்ளைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. "அக்கா, ஆடு என்னா சொல்லுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிராணி சொல்லிவிட்டார். "ஆடு ஒண்ணும் சொல்லல. ஆடு எங்கயாவது பேசுமா?"

தலைவர் மெதுவாகத் திரும்பினார். "இத்தன மாசமா பேசுச்சே?" அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியே எழுந்து மழைக்குள் ஓடிவிடலாமா என்று தோன்றியது.

அப்போது வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அவர் லோரியில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எப்போது உள்ளே வந்தாரோ, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"கிராணி ஐயா, அந்த ஆட்டுக்கு இங்கிலீஷ் தெரியாது. அது தமிழ்லதான் பேசும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு புள்ள. என்னா சொல்லுது?"

நான் திரையைப் பார்த்தேன். படகு சின்னதாகிக்கொண்டே போனது. ஆட்டின் குரலில் சொன்னேன்: "போயிட்டு வா தாயீ. மேல போறப்ப கீழ பாக்காத, பயமா இருக்கும். கீழ உள்ளத நான் பாத்துக்கிறேன்."

ஒரு பிள்ளை விசும்பியது. பாய் அதை மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு மீதியைச் சொன்னார். மீன் லோரிக்காரர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டி, "காம்பிங் பாகுஸ்" என்றார். நல்ல ஆடு என்று. கடையே சிரித்தது. கிராணியும் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. கிராணி முன் இருக்கையில் ஏறவில்லை. பின்னால் பிள்ளைகளோடு ஏறி, "அந்த ஒத்தக்கண்ணன் யாரு? அவன் ஏன் அப்பிடிப் பண்ணான்?" என்று தலைவரிடம் விசாரித்துக்கொண்டே வந்தார். தலைவர் ஒன்று விடாமல் சொன்னார். "அப்ப இந்தப் படம் பாக்கலாமா கூடாதா? முடிவு சொல்றேன்னீங்களே" என்று ஒரு பிள்ளை மடக்கியது. "அதான் முடிஞ்சு போச்சேலா, இனிமே என்னாத்த சொல்றது!" என்றார் தலைவர்.

முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். நனைந்த ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. செம்மண் சாலைக்குள் திரும்பியபோது அவர் வேகத்தைக் குறைத்தார்.

"சரி, மொதல்லேருந்து சொல்லு" என்றார். "அவ அண்ணன் எப்படித் தொலைஞ்சான்?"

பின்னாளில் தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட, எல்லோரும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். நாங்கள் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்தோம். இன்றைக்கும் ஏதாவது புதுத் தொடர் வந்தால், பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று பேரப் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். எங்கள் ஆட்டுப் படமே நல்ல படமா கெட்ட படமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு மழை நாளில், தெரிந்தவர்களும் முன்பின் தெரியாதவர்களும் தங்கள் கோபத்தையும் ஆட்டத்தையும் ஒதுக்கிவிட்டு எனக்காகக் காது கொடுத்தார்களே, அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க நான் பயந்ததில்லை.