ஆய்வகக் கதவில் ஒட்டிய பட்டியல்

கம்பம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் லேபில் பதினொரு கம்ப்யூட்டர்கள் இருந்தன, ஓடியவை நான்கு. தேனிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் நல்ல லேப் இருந்தது, இணையப் பாதுகாப்புப் பாடம் எடுக்க ஆள் இல்லை. இரண்டாயிரத்து எட்டில் இரண்டு நிர்வாகங்களும் ஒப்பந்தம் போட்டு, அதில் ஒரு சான்றிதழ்ப் படிப்பை ஆரம்பித்தன. சனிக்கிழமைதோறும் எங்கள் பெண்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நான் தேனிக்குப் போவேன். அந்தக் கல்லூரிப் பையன்களும் எங்களோடு சேர்ந்து உட்காருவார்கள்.

அது மின்வெட்டுக் காலம். பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தில் அரை மணி நேரம், "பாஸ்வேர்டு மறந்துபோச்சு மேடம்" என்ற புலம்பலிலேயே கழிந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாருடைய லேப் மெயில் கணக்குக்கும் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்தேன். பெயர், பதிவெண், பிறந்த தேதி என்று பட்டியல் போட்டு லேப் கதவில் ஒட்டினேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மூன்றாவது பாடம் நடத்தியதும் நான்தான். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்துதான் அதையும் கேட்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்டு என்னை மடக்குகிற ஒரே ஆள், சுருளிப்பட்டியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண். அப்பா குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் பார்த்தார். சென்னையில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுப் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி.

ஒரு திங்கட்கிழமை பொறியியல் கல்லூரி முதல்வருக்கு வந்திருந்த மெயிலைக் காட்டினார்கள். வாயால் சொல்லக் கூசும் வார்த்தைகள். சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவளுடைய கணக்கிலிருந்து போயிருந்தது. மறுநாளே விசாரணை என்றார்கள்.

எந்த மெஷினிலிருந்து போனது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என நான் நிம்மதியாகத்தான் போனேன். "அந்தப் பதிவெல்லாம் நாங்க எடுத்து வைக்கிறதில்லை" என்றார் அங்கிருந்த துறைத் தலைவர். இணையப் பாதுகாப்பு சொல்லித்தரும் இடம் அது. அப்போதுதான் எனக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது. விசாரணை ஆரம்பிக்கும் முன் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். கதவிலிருந்து அதைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சொன்னபடியே தண்ணீரும் குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்றைக்கும் என்னை அருவருக்க வைப்பது அதுதான்.

இரண்டு முதல்வர்களும் ஒரு மன்னிப்புக் கடிதம் போதும் என்றார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம், விஷயம் வெளியே போகக்கூடாது. அவளைச் சம்மதிக்க வைக்கும் வேலை எனக்கு. வராந்தாவில் நின்றிருந்தாள்.

"எழுதிக் குடுத்துரு ஆத்தா. இதோட முடிஞ்சிரும்."

"நான் அனுப்பலையே மேடம்."

"தெரியும்."

"தெரியும்னா அங்கன வந்து சொல்லுங்க. கதவுல லிஸ்ட் இருந்துச்சுல்ல, யாரு வேணும்னாலும் உள்ள போயிருக்கலாம்னு சொல்லுங்க."

"அதைச் சொன்னா படிப்பையே நிறுத்திருவாக. உன்னோட படிக்கிற எல்லாருக்கும் சர்டிபிகேட் போயிரும்."

அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் எனக்கு என் வேலை போய்விடும் என்ற பயம்தான். "எழுதிக் குடுத்தா அந்த ரூமைத் தாண்டாதுல்ல மேடம்?" என்று கேட்டாள். தாண்டாது என்றேன். என் பேனாவை வாங்கி எழுதினாள்.

கடிதம் கைக்கு வந்ததும், குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்றார்கள். பரீட்சை எழுத விடாமல் டி.சி. கொடுத்தார்கள். கம்பெனிக்கும் தகவல் போனது. அவள் அப்பா டி.சி. வாங்க வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டேன். தோட்டத்து வேட்டியோடு வந்திருந்தார், மகளோடு ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார் என்று பியூன் சொன்னார்.

மெயிலை அனுப்பியது யாரென்று யாரும் தேடவில்லை. பட்டியலைப் பார்த்த பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் போலும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த வருடம் இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து பாடநூல் அச்சடித்தன. அதில் மாணவர் செய்த குற்றத்துக்கு உதாரணமாக, பெயர் இல்லாமல், அவளுடைய கதை ஒரு பக்கம் வந்திருந்தது. அந்தப் பக்கத்தையும் நான்தான் நடத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அனுப்புனது அவுகதான்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சாக?" என்று கேட்டாள்.

"அவளே எழுதிக் குடுத்துட்டா" என்றேன்.

வகுப்பே தலையைக் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டது.