சிப்பிக்கு ஊற்றிய நல்ல தண்ணி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கத்திய கத்தல் எங்கள் நிட்டிங் ஷெட்டின் மெஷின் சத்தத்தையும் தாண்டித் தெருவில் கேட்டிருக்கும். என் மாமியாரைப் பார்த்துத்தான் கத்தினேன். ஒரு சாக்குச் சிப்பிக்காக.

என் அப்பா குமரிக் கடற்கரையில் சிப்பி எடுக்கிறவர். பாறையில் அப்பிக்கொண்டு கிடக்கும் சிப்பியை மூச்சைப் பிடித்து முங்கி, இரும்புத் தகட்டால் நெம்பி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். சீசன் தொடங்கி முதல் நாள் எடுப்பதை மட்டும் விற்கமாட்டார். கட்டிக்கொடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் பங்கு பிரித்து அனுப்பிவிடுவார். மதுரையில் இருக்கும் அக்காவுக்கு வருடம் தவறாமல் பஸ்ஸில் சாக்கு போகும். அது வந்து சேர்ந்ததா, எல்லாம் உயிரோடு இருந்ததா, எப்படிச் சமைத்தாள் என்று கேட்காமல் அன்றைக்கு அவர் தூங்கமாட்டார்.

நான் திருப்பூரில் ஒரு கார்மெண்ட்ஸில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். எங்களுக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிற நிட்டிங் கம்பெனிக்காரரை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். சாமி வேறு, சாதி வேறு, சாப்பாடும் வேறு. அப்பா திட்டவில்லை, சாபம் விடவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். இரண்டு சீசன் வந்து போனது. அக்காவுக்குச் சாக்கு போனது, எனக்கு வரவில்லை. சிப்பிக்காக யாராவது அழுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதிருக்கிறேன், கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

மூன்றாவது சீசனில் ஒருநாள் அம்மா போன் செய்தார்.

"ஒனக்க அப்பா விடியக் காலத்தே இருந்து ஒரு சாக்கு கெட்டிட்டிருக்காரு. மதுரைக்கு நேத்தே போயாச்சு. இது ஆருக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு. ஒனக்க மாப்பிள்ளைக்க போன் நம்பரு மட்டும் கேட்டு எழுதி வச்சாரு."

மறுநாள் காலையில் என் கணவர் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சாக்கை வாங்கி வந்தார். எனக்கு அன்றைக்குப் பார்த்துச் சரக்கு வாங்குகிற பையரின் இன்ஸ்பெக்‌ஷன். எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போய்விட்டேன். "சாக்கு வந்துருச்சு, உள்ளுக்குள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது" என்று அவர் போனில் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. "நெழல்ல வெக்கச் சொல்லுங்க, சாயங்காலம் வந்து நானே பாத்துக்கறேன்" என்றேன். அன்று பூராவும் டி-ஷர்ட்டுகளின் தையலைப் பார்த்தேனோ இல்லையோ, அப்பாவுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் நூறு முறை பேசிப் பார்த்துக்கொண்டேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் மெஷின்கள் ஓடுகிற ஷெட், பின்பக்கம் நாங்கள் மூன்று பேர்: நான், கணவர், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார். வீட்டில் இரண்டு தண்ணீர். போர் தண்ணியை வாயில் வைக்க முடியாது. குழாயில் வருகிற நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிய விஷயம். வருகிற அன்று அத்தை வேறு எந்த வேலையும் பார்க்கமாட்டார். குடம், டிரம், அண்டா என்று எல்லாவற்றையும் நிறைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடிவைப்பார். அதில் சோறு வைக்கலாம், குடிக்கலாம், அவ்வளவுதான். நான் வந்த புதிதில் விவரம் தெரியாமல் அதில் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டேன். "அது நல்ல தண்ணி, கண்ணு" என்றார் அத்தை, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. இந்த ஊர் மரியாதையில் இது ஒரு தொல்லை. அவர்களுக்கு எப்போது கோபம், எப்போது பிரியம் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும். இரண்டு வருடம் ஆகியும் அத்தைக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை வந்தவளைத் துரத்த முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்கு ஓடினேன். சாக்கு காலியாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அண்டா, அதன்மேல் தாம்பாளம், தாம்பாளத்தின்மேல் பூனை தள்ளாமல் இருக்க ஒரு கல். திறந்தேன். அண்டா நிறையத் தெளிந்த தண்ணீர். அதற்குள் அத்தனை சிப்பியும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

கடலில் கிடப்பதை நல்ல தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடை பழகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஈரச் சாக்கிலேயே விட்டிருந்தால் மறுநாள்வரை உயிரோடு இருந்திருக்கும்.

"ஆரக் கேட்டு இதுல தண்ணி ஊத்துனிய?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சுதான் வரும். "அத்தனையும் செத்துப்போச்சே! எங்க அப்பா ரெண்டு வருசம் கழிச்சு அனுப்புனது! கொன்னு போட்டுட்டியளே!"

அத்தை கையில் வெங்காயத்தோடு வாசற்படியில் நின்றார். அவரைப் பார்த்து யாரும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"நல்ல தண்ணிதான் ஊத்துனேன், கண்ணு" என்றார். "ரெண்டு கொடம். அத்தாந் தொலைவுல இருந்து பஸ்ல வந்துருக்குதே, பாவம், தாகமா இருக்குமேன்னு ஊத்திப்போட்டேன்."

 டிபன் பாக்ஸுக்கு ஒரு செம்பு தராதவர் சிப்பிக்கு இரண்டு குடம் ஊற்றியிருக்கிறார். கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அப்பாவின் பங்கு செத்துக் கிடப்பதைப் பார்க்கையில் கோபமும் தணியவில்லை. அப்படியே அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

செத்த சிப்பியைச் சமைக்கக் கூடாது. திறந்து கிடப்பதைக் கரண்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். உயிர் இருந்தால் மெதுவாக மூடிக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தேன். அத்தையும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தட்டித் தட்டி ஒதுக்கிக்கொண்டே போனோம். வெகுநேரம் கழித்து, "கண்ணு, இது மூடுதாட்ட இருக்குது, பாரு! மூடுது!" என்று அத்தை கையை நீட்டினார்.  அதை வாங்கி ஈரத் துணியில் தனியே வைத்தேன். கடைசியில் இருபத்து மூன்று தேறியது. மற்றதை என் கணவர் வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் தென்னைமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார். ஆண்களுக்குச் சில சமயம் நல்ல புத்தி இருக்கும்.

எங்கள் வீட்டில் கறியும் மீனும் பின்வாசலில் இருக்கும் வெளி அடுப்பில்தான். இருபத்து மூன்றின் ஓட்டையும் கத்தியால் சுரண்டிக் கழுவினேன். ஓட்டின் ஓரத்தில் நார் மாதிரித் தொங்குவதைப் பிடித்து இழுத்துப் பிய்த்தேன். "இதுக்குத் தாடியெல்லாம் இருக்குதா?" என்றார் அத்தை. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டியில் சிப்பியைப் போட்டு, சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் மூடி வைத்தேன். "தண்ணி வேண்டாமா?" என்று கேட்க வாயெடுத்த அத்தை, தானே வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆவியில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கறி, சட்டிக்கு அடியில் அது விட்ட உப்புநீர். கறியை எடுத்து மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டினேன். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கருவேப்பிலை, தேங்காய்ப் பல் எல்லாம் சிவந்ததும் அதைப் போட்டு, அந்த உப்புநீரைத் தெளித்துச் சுருள வதக்கினேன். கடைசியில் மிளகு தட்டிப் போட்டேன். எங்கள் ஊர் வாசனை அந்தப் பின்வாசலில் முதல்முறையாக வந்தது.

சட்டியை இறக்கவும் அம்மாவின் போன் வரவும் சரியாக இருந்தது. கை முழுக்க மசாலா. போனைத் திண்டின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாக்கு கிட்டிச்சா, மக்ளே? அப்பா இங்கதான் இருக்காரு. கேக்காத மாதிரி வலைக்கு முடிச்சு போட்டுட்டு இருக்காரு."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என் பங்கைக் குப்பையாக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். இனி ஒரு சாக்கும் வராது, ஒரு வார்த்தையும் வராது. அதனால் கூசாமல் புளுகினேன்.

"கிட்டிச்சும்மா. எல்லாம் உயிரோடதான் இருந்துச்சு. மூணு பேரும் வயிறு முட்டத் தின்னோம். அத்தை ரெண்டு தடவ வாங்கித் தின்னாவ."

அத்தை என் பேச்சைப் பாதிதான் புரிந்துகொள்வார். இது முழுதும் புரிந்துவிட்டது.

"அம்மிணி, எனக்கோசரம் பொய் சொல்லாத" என்றவர், திண்டுப் பக்கம் குனிந்து போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ஏனுங்ணா, நானுங்க, உங்க சம்பந்தி பேசறேன். நீங்க மூச்சடக்கி எடுத்து அனுப்புனத நான் நல்ல தண்ணில போட்டுக் கொன்னுபோட்டனுங்க. தெரியாம பண்ணிப்போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. கோவம்னா என்னைய நாலு வார்த்தை பேசிருங்க. அந்தப் புள்ளைகிட்டப் பேசாம மட்டும் இருந்துராதீங்க. இங்க அது தெனமும் போனப் பாத்துப் பாத்து வெச்சுக்கிட்டு இருக்குது."

நான் போனைப் பார்ப்பதை இவர் பார்த்திருக்கிறார். அதுவே எனக்கு அப்போதுதான் தெரியும்.

 போனை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு, அம்மாவுடையது இல்லாத ஒரு கரகரத்த குரல் வந்தது.

"நல்ல தண்ணியா ஊத்துனிய?"

"ஆமாங்ணா. ரெண்டு கொடம்."

"அங்க தண்ணிக்குக் கஷ்டம்லா? வாரத்துக்கு ஒருக்கதான் வருமாமே. பேப்பர்ல திருப்பூருன்னு போட்டிருந்தா நான் எல்லாம் வாசிப்பேன்."

"ஆமாங்க, வாரம் ஒருக்காதானுங்க."

 பிறகு, "மக்ளே" என்றார் அப்பா.

"எப்பா" என்றேன். 

"ஒன்ன அந்த வீட்டுல எப்பிடி வச்சிருக்காவளோ, ஒரு வாய் தண்ணி தருவாவளோ மாட்டாவளோன்னு நெனச்சு நெனச்சு எனக்கு வாயே வரல்ல, மக்ளே. கேட்டு, நீ இல்லன்னு சொல்லிட்டா நான் என்ன செய்ய?" மூக்கை உறிஞ்சினார். பிறகு சிரித்தார், அழுகையும் அதிலேயே கலந்திருந்தது. "சிப்பிக்குப் போய் ரெண்டு குடமா ஊத்துவாவ?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தின்னியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. இருபத்து மூணு தேறிச்சு. இப்பதான் எறக்குனேன்."

"அப்பம்னா தின்னு. நான் போன வைக்கல்ல."

அத்தை சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். கண்ணைத் திறந்து என் தட்டில் இரண்டு வைத்தார், தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்.  போனில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கடைசிச் சிப்பியைத் தின்று முடிக்கும்வரை அவர் போனை வைக்கவே இல்லை.