முகமூடிக்குள் இருந்த சித்தப்பா

படக்கதை எழுதுகிறவனுக்கு எதுவும் முடிந்துபோனதில்லை. தேவைப்பட்டால் போன வருஷம் நடந்ததைக்கூட இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். தென்காசியில் அச்சாகும் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'துப்பறியும் துரைப்பாண்டி'யை எழுதுகிறவன் நான். படம் போடுகிறவர் இலஞ்சி சண்முகையா. என்னைப் போலத் தொடர் எழுதி மாட்டிக்கொண்ட சகாக்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

அருவிக்குப் போய் வந்தவன்

துரைப்பாண்டியின் பரம எதிரி சாம்பல் முகமூடி. ஒரு சீசனில் அவனைக் குற்றாலம் பேரருவியின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டேன். அதன்பின் வந்த வில்லன் எவனும் எடுபடவில்லை. அடுத்த வருஷம், அவன் தரையில் விழவில்லை, பாதி வழியில் இருக்கும் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து பிழைத்தான் என்று எழுதிக் கரையேற்றினேன்.

வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் கடைக்காரர் ஒருவர் வாராவாரம் படிக்கிறவர். அவர் கடையில் குப்புறப் படுத்தபடி பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கையை நிறுத்தாமல் சொன்னார்: "செத்தவன் வந்தா என்ன சார். போன சீசன்ல என் கடையை எடுத்துட்டாங்கன்னு உங்க பேப்பர்லதான் போட்டிய. இப்ப அதுக்குள்ளதான படுத்துக் கிடக்கிய."

இடி மின்னலோடு ஒரு உறவு

அந்தத் தைரியம்தான் வினையானது. ஆசிரியர் கூப்பிட்டார். தொடர் தொய்ந்துவிட்டது, சீசன் முடிவதற்குள் துரைப்பாண்டிக்கும் அவன் காதலிக்கும் கோமதிக்கும் கல்யாணத்தை நடத்துங்கள், வாசகர் திரும்பி வராவிட்டால் அந்த அரைப்பக்கம் ராசிபலனுக்கு என்றார். எனக்குச் செய்திப் பிரிவில் வேலை இருக்கிறது. சண்முகையாவுக்கு நம்பி உட்காரக்கூடிய வேலை அந்த அரைப்பக்கம் ஒன்றுதான்.

கோமதி முகமூடியின் மகள் என்பதை முன்பே வெளியிட்டுக் கைதட்டு வாங்கியிருந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு அதிர்ச்சி வேண்டும். முகமூடியைக் கழற்றினேன். "நான் உன் அப்பாவோடு பிறந்த தம்பி" என்றான் வில்லன், துரைப்பாண்டியிடம். சண்முகையா பின்னால் மின்னல் போட்டார். வில்லன் முகம் மட்டும் இளித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றேன். அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்போ கோமதி இவனுக்குத் தங்கச்சி முறைல்லா. எப்படி சார் தாலி கெட்டுவான்?"

பெண் வீட்டார்

தாய்மாமன் என்று எழுதியிருந்தால் கோமதி முறைப்பெண். ஒரு சொல்லில் போய்விட்டது. செய்தி தப்பானால் மறுப்புப் போடலாம். படக்கதைக்குப் போட்டால் சிரிப்பார்கள். கோமதியை எடுத்து வளர்த்த பிள்ளையாக்கிவிடலாம் என்று யோசித்தேன். கீழப்பாவூரிலிருந்து ஒரு டீச்சர், ஞாயிறு கதையைப் பற்றித் திங்கள்தோறும் போன் செய்கிறவர், அன்றும் கூப்பிட்டார். அச்சில் ஏற்றுவதற்கு முன் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "எடுத்து வளத்தாலும் மக மகதான். எங்க வீட்ல ஒருத்தரும் இந்தக் கல்யாணத்துக்கு வர மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சிரித்த முகம்

சண்முகையா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ராசிக்கும் படம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறதாமே என்றார். விசாரித்திருக்கிறார்.

எனக்குச் சிவகிரிப் பக்கம் நிருபராக இருந்தபோது பார்த்த ஒரு கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பங்காளி முறை என்று யாரோ ஒருவன் காதில் ஓதினான்; மேளம் நின்றது. மத்தியானத்துக்குள் அது பொய் என்று தெரிந்து, திரும்பவும் அடித்தார்கள். நம் ஊரில் கல்யாணத்தை நிறுத்தத் துப்பாக்கி வேண்டாம். முறை தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முகமூடிக்கு அது தெரியாதா? மகளைத் துப்பறிகிறவனுக்குக் கொடுக்க விருப்பமில்லாமல் அவன் சொன்ன பொய்தான் சித்தப்பா.

சண்முகையாவிடம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமைத் தாளை விரித்தோம். இடி மின்னலுக்கு நடுவே அவன் இளித்துக்கொண்டிருந்தான். சண்முகையா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அதை நான் வேணும்னேதான் போட்டேன்."

பந்தி முடிந்த பிறகு

அடுத்த வாரம் துரைப்பாண்டி சொந்த ஊருக்குப் போய், அப்பாவோடு பிறந்தவர்கள் எல்லோரும் பெண்கள் என்று கண்டுபிடித்தான். அதற்கடுத்த வாரம் இலஞ்சி முருகன் கோயிலில் தாலி கட்டினான். கூட்டத்தில் முன்வரிசையில் கண்ணாடி போட்ட டீச்சர் ஒருவரைச் சண்முகையா உட்கார வைத்தார். அரைப்பக்கத்தைப் பற்றி ஆசிரியர் அப்புறம் பேசவில்லை. ராசிபலன் விளையாட்டுப் பக்கத்துக்கு அடியில் போய்விட்டது.

திங்கட்கிழமை டீக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி கேட்காமலே டீயைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேம்லா சார், அவன் சிரிக்கதப் பாத்தா பொய் மாதிரி இருக்குன்னு."

நடந்ததைப் பின்னால் போய்த் திருத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் சும்மாவே செய்கிறார்கள்.