ஒதில் சொன்ன ‘மோசமில்ல’

மொர்செல் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒயின் ருசி பார்க்க ஆள் கூட்டுகிறவர்கள் ஒதிலையும் கூப்பிடுவார்கள். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் விடவும் முடியாது. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத ஒயினை ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வார்த்தை ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. ‘மோசமில்ல.’ அவ்வளவுதான். பிரான்சில் இந்தப் பர்கண்டிப் பக்கம் ஒருவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்து ‘அற்புதம்’ என்றால் அவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் பெண் கேட்க வந்தவனாக இருப்பான். மனசார ருசித்தவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி ‘மோசமில்ல’ என்பான். பிடிக்காமல் போனாலும் பிடிக்கவில்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. ஒருவன் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டே அப்படிச் சொல்வது அழகில்லையே. ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள். கேட்டவன் முகம் சுண்டிப்போகும். அன்று ராத்திரி அவன் சாப்பிடமாட்டான்.

ஒதிலுக்கு ஐம்பத்தொரு வயது. பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டவள். குளிர்காலம் முழுக்க மற்றவர்களின் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்வாள். கோடையில் தளிரை இழுத்துக் கம்பியில் கட்டுவாள். விரல்கள் காய்த்துப் போயிருந்தாலும் மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. அவளுடைய கல்யாணத்தன்று மாமனார் பல வருஷம் புதைத்து வைத்திருந்த புட்டியை எல்லோர் முன்னாலும் திறந்தார். வெள்ளை உடையில் இருந்த மணப்பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, “மாமா, இதுல தக்கை வாடை அடிக்குது, கெட்டுப்போச்சு” என்றாள்.  மாமனார் ஒரு தடவை முகர்ந்தார், இன்னொரு தடவை முகர்ந்தார். பேசாமல் நிலவறைக்குப் போய் வேறு புட்டி எடுத்து வந்தார். இந்தக் கதையை அவள் கணவன் பசீல் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான்.

அந்தப் பசீலால்தான் இப்போது அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

பசீல் கால்வாயில் படகுகளுக்கு மதகு திறந்துவிடும் வேலையில் இருந்தான். ஒதிலின் அப்பா விட்டுப்போன சின்னத் தோட்டம் ஒன்று சரிவில் இருந்தது. வருஷாவருஷம் அதன் பழம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், ஊரார் பழத்தோடு கலந்து, சங்கத்தின் பெயரில் புட்டியாகும். போன வருஷத்துக்கு முந்தின அறுவடையில் பசீல் சங்கத்தில் கேட்டு ஒரே ஒரு பீப்பாய் அளவுக்குப் பழத்தை நிறுத்திக்கொண்டான். தானே மிதித்தான், தானே பீப்பாயில் இறக்கினான். இப்போது, சங்கத்தை விட்டே விலகிவிடலாம், சொந்தப் பெயரில் ஒயின் போடலாம் என்கிறான். விலகினால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆலங்கட்டி மழை அடிக்கிற வருஷம் தோள் கொடுக்க ஆள் இருக்காது. விலக ஒதிலுக்கு மனசில்லை. விலகுவதாக இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும்.

“ஞாயித்துக்கெழம நம்ம பீப்பாலேர்ந்து ஒரு புட்டி எடுத்து மத்ததோட கலந்து வெச்சிடலாம்” என்றான் பசீல். “எது நம்மளுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் வாயில நல்ல வார்த்த வந்தா வெலகுறோம். வரலன்னா பேச்சே கெடையாது.”

“ஊர்ல வேற நாக்கே இல்லியா? ஏன் என் தலையில கட்டுற?”

“மத்தவன் நாக்கு எனக்கெதுக்கு?”

 நிலவறைக்குப் போய் ஒரு தடவை முகர்ந்தாவது பார்த்துவிடலாம் என்று போனாள். கதவு பூட்டியிருந்தது. சாவி பசீலின் சட்டைப்பையில் இருந்தது. “திருட்டுப் பார்வையெல்லாம் கூடாது” என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருமுறை அந்தப் பீப்பாயை முகர்ந்தது நினைவில் இருந்தது: கருத்த செர்ரிப்பழம், அதற்கு அடியில் மழை பெய்த மண். அந்த வாசனையை அவள் வாரம் முழுக்க மனசுக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். கவாத்துக் கத்தரியைப் பிடித்துக்கொண்டே செர்ரி, மண், செர்ரி, மண் என்று முணுமுணுத்தாள். நம் ஒயினைக் கண்டுபிடித்துவிட்டால் பொய் சொல்லிவிடுவோமோ என்று ஒரு பயம். கண்டுபிடிக்காமல் போனால் என்ன சொல்லித் தொலைப்போமோ என்று இன்னொரு பயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பசீலின் அக்கா சோலான்ஜ் சமையலறையில் ஐந்து புட்டிகளுக்கும் பசீலின் வேட்டைக் காலுறைகளை மாட்டி, எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டிருந்தாள். எதில் எது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ஃபுல்ஜான்ஸ் தன் ஒயினில் ஒரு புட்டி கொடுத்திருந்தார். சங்கத்து ஒயின் ஒன்று, ஊருக்குள் வாங்கியது இரண்டு. எல்லாம் ஒரே சரிவு, ஒரே வருஷம்.

“சாக்ஸெல்லாம் தொவச்சதுதானே சோலான்ஜ்?” என்று கேட்டபடி ஃபுல்ஜான்ஸ் உள்ளே வந்தார். “அப்பறம் பன்னி வாட, காட்டு வாடன்னு நாங்க சொல்லி, அது பசீல் கால் வாடையா இருக்கப்போகுது.”

“உங்க ஒயினுக்கு அது கொஞ்சம் வாசன சேக்கும்னு விட்டுட்டேன்” என்றாள் சோலான்ஜ்.

ரொட்டிக்கடை மர்செலின் வெறும் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட பலகாரம் அடுப்பில் மணத்தது. ஆனால் எல்லாம் முடிகிறவரை அது மேசைக்கு வராது. பாலாடைக்கட்டி நாக்கில் பட்டால் காடி கூட நன்றாகத்தான் இருக்கும்.

முதல் காலுறை ஊற்றப்பட்டது. “பரவால்ல” என்றார்கள் எல்லோரும். சங்கத்து ஒயின் என்று ஒதிலுக்கு உடனே தெரிந்தது. 

இரண்டாவது. கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். செர்ரி!  அடியில் மண் இருக்கிறதா? இருப்பது போலத்தான் இருந்தது. ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் மெலிசுதான். ஆனாலும் செர்ரி இருக்கிறதே.

அதற்குள் ஃபுல்ஜான்ஸ் ருசி பார்த்த ஒயினை வாளியில் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்தார். “மழையில அறுத்திருக்கான்யா மடையன். ஒயினா இது? ஓடையில கால் கழுவுன தண்ணி.”

ஒதில் ஏறிட்டுப் பார்த்தாள். எதிரே பசீல் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“மோசமில்ல” என்றாள்.

 சோலான்ஜுக்கு இருமல் வந்தது. மர்செலின் சிலுவைக் குறி போட்டாள். “ஆண்டவரே, இவ வாயிலேர்ந்து இத நான் கேட்டு எத்தன வருஷமாச்சு!” ஃபுல்ஜான்ஸ் மட்டும் தன் கோப்பையைச் சந்தேகத்தோடு மறுபடி முகர்ந்தார்.

சொல்லியாகிவிட்டது. ஒரு வாரமாகத் தொண்டையில் மாட்டியிருந்த முள் இறங்கிவிட்டது போல இருந்தது. மூன்றாவதை லேசாகக் குடித்து, “கட்ட வாட கொஞ்சம் தூக்கலா இருக்கு, பீப்பா புதுசு” என்றாள். நான்காவது வந்தபோது அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டாள். முகர்ந்தாள். அணைத்த தீக்குச்சி வாடை. பழம் எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எவன் வீட்டுச் சரக்கோ பாவம்.

“வித்தியாசமா இருக்கு” என்றாள் ஒதில். வழக்கமாக அத்தோடு நிறுத்திக்கொள்வாள். அன்று மனசு லேசாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வந்தது. “அடியில வண்டல அப்பிடியே போட்டு வெச்சிருக்காங்க. காத்தே காட்டல. பீப்பாய பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டா பிள்ள வளருமா?”

மர்செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்க மாமியா அலமாரி தொறந்தா இதே வாடதான்!”

சோலான்ஜின் கை அந்தப் புட்டியின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. ஒதில் அதைப் பார்த்தாள். பார்த்த கணத்திலேயே அது எவன் வீட்டுச் சரக்கு என்று புரிந்துவிட்டது. ஐந்தாவது ஒயின் என்ன ருசி என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“முதல்ல பலகாரம் சாப்புடுவோமே, ஆறிடும்” என்றாள் சோலான்ஜ்.

“அதெல்லாம் அப்பறம், முதல்ல சாக்ஸ கழட்டு” என்று ஃபுல்ஜான்ஸ் இரண்டாவது புட்டியைத் தானே இழுத்து உரித்தார். உரித்தவர் அப்படியே நின்றார். அவருடைய சொந்தப் பெயர் ஒட்டியிருந்தது.

“என்னோடதா?”

“உங்களோடதேதான் அண்ணே. ஓடையில கால் கழுவுன தண்ணி” என்றாள் மர்செலின்.

“அத விடு! அவ என்ன சொன்னா? மோசமில்லன்னாளா இல்லியா? எல்லாரும் கேட்டீங்கல்ல?” அறுபது வயது மனிதர் சமையலறையில் குதித்தார். “இருவது வருஷம்! இருவது வருஷமா இந்த மகராசி என் ஒயினக் குடிச்சிட்டு வானிலையப் பத்திப் பேசுவா. இன்னிக்கு வாயத் தொறந்துட்டா!” அவர் கண் கலங்கியிருந்தது.

நான்காவது காலுறையை யாரும் உரிக்கவில்லை. பசீல் எழுந்து வந்து மெதுவாகக் கழற்றினான். உள்ளே ஒட்டுச்சீட்டே இல்லாத புட்டி. மர்செலினின் சிரிப்பு பாதியில் நின்றது. “பலகாரம் எடுத்துட்டு வரேன்” என்று சொல்லி அவன் அடுப்பங்கரைக்குப் போனான். பலகாரம் நன்றாகத்தான் உப்பியிருந்தது. எல்லோரும் ரொம்பவே பாராட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு பசீல் கோப்பைகளைக் கழுவினான், ஒதில் துடைத்தாள். அவள் மனசில் ஒரே கேள்விதான் சுற்றியது. ‘இரண்டாவதை நம்முடையது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்’ என்று சொல்லிவிடலாம். சொன்னால், தான் சொன்ன இரண்டு வார்த்தையும் செல்லாது என்று ஆகிவிடும்; பசீல் ஆறுதலடைவான். ஆனால் ஃபுல்ஜான்ஸ்? அதைவிட, நான்காவதுக்குச் சொன்னது பொய்யில்லையே. அதுதானே சுத்தமான உண்மை. 

“ரெண்டாவத நம்மளுதுன்னு நெனச்சியாக்கும்” என்றான் பசீல், திரும்பாமலே.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். “எப்பிடித் தெரியும்?”

“ருசி பாக்குறப்ப நீ யார் மூஞ்சியையும் பாக்க மாட்ட. அந்த ஒண்ணுக்கு மட்டும் என்னையப் பாத்துட்டுச் சொன்ன.”

“பயமா இருந்துச்சு பசீல். நீ வேற ரொட்டியப் பிச்சுப் பிச்சு வெச்சிருந்த.”

“நாலாவதுக்கு என்னையப் பாக்கல.”

“இல்ல.”

“அப்ப அதுதான் நெசம்.” அவன் குழாயை மூடினான். முதுகைக் காட்டியபடியே நின்றான்.  இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டுச் சமையலறையில் இப்படி ஒரு முதுகை நிற்கவைத்துவிட்டு வந்திருப்போம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

“சங்கத்துலயே இருப்போம். இந்த வருஷம் வெலக வேணாம்” என்றான்.

கேட்கவேண்டும் என்று ஏங்கிய வார்த்தைதான். கேட்டதும் நிம்மதி வரவில்லை. அவள் நாக்கு சொன்னதைக் கேட்டு முடிவெடுத்தானா, இல்லை மனசு நொந்து எடுத்தானா?

“நான் சொன்னதுல பாதிய நீ கேக்கல” என்றாள் அவசரமாக. “பழத்துல கொற இல்ல. வண்டல்லயே கெடந்து மூச்சு முட்டிப்போயிருக்கு. பீப்பாய மாத்தி ஊத்தி, காத்துப் பட விடு. நல்லா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதுக்குள்ள ஒயின் இருக்கு.”

பசீல் திரும்பினான். முகம் தெளியவில்லை, ஆனால் காது கொடுத்தான். “மாத்தி ஊத்த பம்ப்பு வேணும். அது இந்தத் தெருவுல அந்தாள்ட்டதான் இருக்கு.”

 பிறகு பசீல் தொலைபேசியை எடுத்தான். ஃபுல்ஜான்ஸின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

“பம்ப்பா? நாளைக்குக் காலையில நானே தூக்கிட்டு வரேன்! மகராசி வீட்டுக்கு ரெண்டு பம்ப்பு வேணும்னாலும் வரும். ஏய், அவட்ட ஒண்ணு கேளு. புது ஒட்டுச்சீட்டு அடிக்கப்போறேன். ‘ஒதில் வெர்ஷேர் மோசமில்லன்னாங்க’ன்னு அடியில போட்டுக்கலாமா?”

பசீல் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.  சரி என்றால் அந்தப் பொய் ஊர் ஊராகப் போய் மேசையேறும். வேண்டாம் என்றால் கிழவர் உடைந்துபோவார். மெலிசாக இருந்ததா அது? நன்றாகவே இருந்ததோ? செர்ரி இருந்தது நிஜம்தானே? உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. ருசி பார்த்த ஒன்றைப் பற்றித் தெரியவில்லை என்று அவள் உணர்ந்தது இதுதான் முதல் தடவை.

“பம்ப்போட ஒரு புட்டியும் கொண்டாரச் சொல்லு” என்றாள். “இன்னிக்கு நான் சரியாப் பாக்கல. மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லு.”

பசீல் அதை அப்படியே சொன்னான். “அப்ப ஒட்டுச்சீட்டு அதுக்கப்பறம் அடிச்சுக்கலாம்” என்ற ஃபுல்ஜான்ஸின் குரல் இந்தத் தடவை பசீல் காதுக்கு மட்டும்தான் எட்டியது.