கடல் எந்தப் பக்கம்?

எங்கள் தெருவில் ஒரு சிரிப்புக் கதை உண்டு. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப் போன ஒரு கன்டெய்னர் வண்டி டிரைவர், ஹாலில் எழுந்து நின்று, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டானாம். அந்த டிரைவர் நான்தான். கதையில் வருவதுபோல நான் எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடிதான் கேட்டேன். மற்றதெல்லாம் நடந்ததுதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகும் டிரைலர் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்று சொல்வதே அதிகம். பாதி நாள் திருவொற்றியூர் கடலோரச் சாலையில், துறைமுகக் கதவு திறக்கும் வரைக்கும், வண்டிகளின் நீண்ட வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். சோறு, தூக்கம், குளியல் எல்லாம் அந்த வரிசையில்தான். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வண்டி நிற்கும், ஆனால் விட்டுவிட்டுப் போக முடியாது. முன் வண்டி நகர்ந்தால் நம் வண்டியும் நகர வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போகிற ஒரு வேலை. அதற்காகத்தான் அந்தப் பரீட்சைக்கு எழுதிப்போட்டேன். அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிந்துவிடும். அதற்கு மேல் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

பரீட்சைக்குப் படிக்க வேண்டியது, ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்குமான பள்ளிக்கூடப் புத்தகங்கள். என் மகள் அப்போது ஏழாவது. ஆகவே அவள்தான் எனக்கு டீச்சர். காலையில் அவள் அம்மா தலை பின்னிவிடும்போது, குனிந்த தலையோடு கேள்வி கேட்பாள்.

"நைனா, ரத்தம் உறையறதுக்கு இன்னா வைட்டமின்?"

"கே."

"நம்ம மாநிலப் பறவை?"

"மரகதப் புறா."

"அத்த நீ எங்கனா பாத்துகீறியா?" என்பாள் என் மனைவி, வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு.

"புக்குல பாத்தேன்."

"எங்க நைனாவுக்கு வேல கெட்ச்சா, நேர்ல பாக்க கூப்டுகினு போவாரும்மா. நீ பேசாம பின்னு."

பொது அறிவு எப்படியோ ஏறிவிட்டது. ஏறாதது கணக்குப் புதிர்கள்தான். அடுத்து வரும் எண் எது, இன்ன தேதி என்ன கிழமை என்றெல்லாம் கேட்பார்கள். எனக்குத் தலை சுற்றும். அதிலே ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. திசைக் கேள்வி. ஒருவன் இத்தனை கிலோமீட்டர் வடக்கே போகிறான், வலது பக்கம் திரும்புகிறான், இப்போது எங்கே இருக்கிறான் என்பது.

அதற்கு நான் கையாண்ட வழி, கடல். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கிழக்கு என்றால் கடல். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் எண்ணூர், அது வடக்கு. வலது கைப் பக்கம் காசிமேடு, துறைமுகம், அது தெற்கு. முதுகுக்குப் பின்னால் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், அது மேற்கு. கேள்வியில் வருகிறவன் எப்படித் திரும்புகிறானோ அப்படியே நானும் திரும்புவேன். கடைசியில் அவன் புறப்பட்ட இடத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறான் என்பது எனக்குத் தானாகத் தெரிந்துவிடும். தப்பியதே இல்லை.

வரிசையில் எனக்கு முன் வண்டிக்காரர் என்னைவிட மூத்தவர், என் தோஸ்து. அவர் என் போனை வாங்கிக் கேள்வியைப் படிப்பார். நான் சாலையோரக் கருங்கல் மேல் நின்று திரும்புவேன். மற்ற டிரைவர்கள் டீ கிளாசோடு கூடிவிடுவார்கள்.

"ஒர்த்தன் வடக்கால அஞ்சி கிலோமீட்டர் போறான்."

நான் எண்ணூர் பக்கம் திரும்பினேன்.

"அங்கேர்ந்து வலது பக்கம் பத்து கிலோமீட்டர் போறான்."

வலது பக்கம் திரும்பினேன். எதிரே அலை அடித்துக்கொண்டிருந்தது.

"மாமு, உன் ஆளு கடலுக்குள்ள பூட்டான்!" என்றான் ஒருவன்.

"பத்து கிலோமீட்டரா? லாஞ்சி எட்த்துகினு போனானா, நீஞ்சிகினு போனானா? அத்த கேளு கலெக்டர!"

"அப்பால இன்னா பண்றான்?"

"மறுக்கா வலது பக்கம் திரும்பி அஞ்சி கிலோமீட்டர் போறான்."

"மீன் புட்ச்சிகினு காசிமேட்டாண்ட வர்றான்பா. வெவரமான ஆளுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு. கலெக்டர் என்று கூப்பிட்டது கேலிதான், ஆனாலும் நான் விடை சொன்னதும் என் தோஸ்து போனைப் பார்த்து, "கரெக்டு!" என்று கத்துவார் பாருங்கள், அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும்.

மகளுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை.

"நைனா, எங்க மிஸ்ஸு பேப்பர்ல அம்புக்குறி போட சொல்வாங்க. மேல வடக்கு, கீழ தெற்கு. நீயும் போடு."

"பேப்பர்ல கடலு எங்கம்மா கீது?"

"கடலு இன்னாத்துக்கு? மேல வடக்குன்னு நெனச்சிக்க."

"மேல வானம்தான் கீது. நீ கேளு, நான் கரெக்டா சொல்றனா இல்லியா பாரு."

கேட்டாள். ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "சரி வுடு. உனுக்கு அதான் வருது."

பரீட்சை அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி, சந்து சந்தாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தேன். வானம் மூடிக்கிடந்தது. ஹால் மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள்.

பொது அறிவில் விறுவிறுவென்று வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டே வந்தேன். மரகதப் புறாகூட வந்திருந்தது. வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். பிறகு திசைக் கேள்வி வந்தது. ஒருவன் தெற்கே நாலு கிலோமீட்டர் நடக்கிறான். இடது பக்கம் திரும்பி மூன்று கிலோமீட்டர். மறுபடி இடது பக்கம் திரும்பி நாலு கிலோமீட்டர். புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எந்தத் திசையில் இருக்கிறான்?

நமக்கு வந்த கேள்வி ஆயிற்றே என்று கடலைத் தேடினேன். கடல் இல்லை.

இதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் கண்ணை மூடினாலும் அது எந்தப் பக்கம் என்று தோளுக்குத் தெரியும். பகல் ஏற ஏற ஒரு கன்னத்தில் காற்று வந்து படும். அங்கே தலைக்கு மேல் மின்விசிறிதான் சுற்றியது. கண்ணை மூடி எங்கள் சாலையை நினைத்துப் பார்த்தேன். எண்ணூரை இந்தக் கையில் வைத்தால் அந்தக் கைக்குப் போனது. நாற்காலியில் லேசாகத் திரும்பிப் பார்த்தேன்.

"சார், நேரா பாருங்க," என்றார் மேற்பார்வை பார்த்த அம்மா.

நேராகப் பார்த்தேன். ஒரு நிமிடம் கழித்து, என்னை அறியாமல், மறுபக்கம் திரும்பியிருக்கிறேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பின்னால் இருந்த பெண்ணின் தாளைப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்பே எனக்குக் கூசியது. அப்படி இல்லை என்று விளங்கவைக்க வேண்டும் என்கிற அவசரத்தில்தான் அது வாயிலிருந்து வந்துவிட்டது.

"மேடம், கடலு எந்தப் பக்கம் கீது?"

அவர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகக் குனிந்து, "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்று கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். அப்போதுதான் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவியது.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த கேள்விகளைக் கண்தான் படித்தது. பலவற்றைப் படிக்காமலே வட்டமிட்டேன். மணி அடித்தால் போதும், இவர்கள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனால் போதும் என்று இருந்தது. கையில் இருந்த கடைசி வாய்ப்பு அந்தச் சிரிப்போடு போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றாள். "நைனா, தெசக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சி."

"போட்டியா?"

"போட்டேன்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

எங்கள் தெரு மருந்துக் கடையில் நிற்கும் பெண் அதே ஹாலில் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரிப்பு தாங்காமல் சொல்லியிருக்கிறாள். நான் மறுபடி வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியபோது, எனக்கு முன்னால் கதை அங்கே வந்து நின்றிருந்தது.

"கலெக்டரே, வண்டிய ரிவர்ஸ் எடுக்கணும். கடலு எந்தப் பக்கம், கொஞ்சம் சொல்லேன்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். என் தோஸ்து மட்டும் சிரிக்கவில்லை. டீயை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அதுதான் அதிகமாக உறைத்தது.

மறுநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நைனா, நெசமாவே கேட்டியா?"

இந்த முறை டபாய்க்க முடியவில்லை. "கேட்டேம்மா."

என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஊரே சிரிக்கிறதே என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள், ஆனால் வேறு காரணத்துக்கு. "நான்தான் வுட்டுட்டேன் நைனா. அம்புக்குறி போட கத்து குட்த்துருக்கணும். நீ கரெக்டா சொல்றேன்னு வுட்டுட்டேன்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் மாணவன் தோற்றதற்குத் தான் பொறுப்பு என்கிறது. ஹாலில் கேட்ட சிரிப்பெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேள்வி இன்னா, சொல்லு," என்றாள். சொன்னேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, மேலே ஒரு கோடு. முடிந்துவிட்டது. "கிழக்கு," என்றாள்.

"கடல் பக்கமா?"

"ஆமா நைனா. கடல் பக்கம்."

முடிவு வந்தபோது என் எண் அதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். இப்போதும் அதே சாலையில், அதே வரிசையில்தான் நிற்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்வார்கள். நான் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விடுவேன்.

மகள் இப்போது உதவித்தொகைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதிலும் இதே மாதிரிக் கேள்விகள்தான். இப்போது நான் கேட்கிறேன், அவள் விடை சொல்கிறாள். அம்புக்குறி போட்டுத்தான் சொல்கிறாள். போன வாரம் ஒரு திசைக் கேள்வியைப் படித்தேன். பென்சிலை எடுக்கும் முன், அவள் உடம்பு ஒரு கணம் கடல் பக்கம் திரும்பிவிட்டது. சட்டென்று நேராக உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் அடுத்த கேள்வியைத் தேடுவதுபோலப் பக்கத்தைப் புரட்டினேன்.